மரக் குவளைத் தண்ணீரும் மாத்திரையும்

இரவில் மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிப்பது இலங்கையிலும் இந்தியாவிலும் சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் பலரிடம் உள்ள பழக்கம். இலங்கையில் அந்தக் குவளை, கொத்தலா ஹிம்புட்டு என்னும் காட்டுக் கொடியின் பருத்த தண்டில் கடைந்தது. இங்கே இந்தியாவில் வேங்கை மரத்தில் கடைந்தது. வேங்கைத் தண்ணீர் விடிவதற்குள் பழுப்பேறி, வெயிலில் பிடித்தால் நீலம் காட்டும். நிறம் இறங்கினால் மருந்தும் இறங்கிவிட்டதாக நம்புகிறார்கள்.

கொத்தலா ஹிம்புட்டு வேலை செய்யும் இடம் குடல். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. அதிலிருந்து சலாசினால், கொத்தலானால் என்ற பொருள்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியில் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். அப்படியானால் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால்தான் முழுப் பயன். விடியற்காலையில் குடித்துவிட்டு, வெகு நேரம் கழித்து இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிறவருக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவு உதவும்? 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளிகள் இந்தக் கொடி சேர்த்த தேநீரையும் போலித் தேநீரையும் மும்மூன்று மாதம் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கொடி சேர்ந்ததைக் குடித்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சற்றே குறைந்தது. அது அளந்து கொடுத்த தேநீர். குவளையில் ஊறும் தண்ணீருக்கு அளவு ஏது?

வேங்கைக்கும் இதே குறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கு மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. 97 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பன்னிரண்டு வாரத்தில் சர்க்கரை கட்டுப்பட்டது. ஆனால் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். கொடுத்தது அளவிட்ட மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. இருபது ஆண்டுகளாக மாத்திரை விழுங்கும் எழுபது வயதுத் தாத்தாவின் கையில் இருக்கும் குவளைக்கு இதைச் சான்றாகக் காட்டுவது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் ஆங்கில மருத்துவமும் சித்த மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இலங்கையில் மாதாந்த கிளினிக்கில் மாத்திரை இலவசம். ஆயுர்வேதத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் தனித் திணைக்களமும் தனி மருத்துவமனைகளும் உண்டு. இரு நாடுகளிலும் இரண்டு மருந்தையும் முதியவர் ஒருவரே சுமக்கிறார். டொக்டர் ஏசுவார் என்று யாழ்ப்பாணத்து அம்மம்மா சொல்லமாட்டார். டாக்டர் திட்டுவார் என்று மதுரைப் பாட்டியும் வாய் திறக்கமாட்டார். எனக்குக் கவலை தருவது குவளையைவிட இந்த மௌனம்தான்.

காரணம் உண்டு. அங்கே கிளிக்லசைட், இங்கே கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும். உடம்பு வியர்த்து, கை நடுங்கும்போது வீட்டில் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுப்பார்கள். அகார்போஸ் எடுப்பவருக்குச் சீனி உடனே உதவாது. அதை உடைக்கும் நொதியே தடுக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். கொத்தலா ஹிம்புட்டு குடிப்பவரின் வீட்டிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருப்பது நல்லது. இதை எந்தக் கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார்?

இன்னொன்று சிறுநீரகம். இலங்கையில் சர்க்கரை நோயுள்ள இருவர் காமரங்காவை மருந்தாக மிகுதியாக உட்கொண்டு சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானது 2015இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் அதுவே நட்சத்திரப் பழம். கேரளத்தில் கொலஸ்டிரால் குறையும் என்று புளிச்சக்காய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்கும் இதே கதி. இரண்டிலும் ஆக்சலேட் மிகுதி. கறியில் போடும் காய் என்பதாலேயே அதன் சாறு டம்ளர் டம்ளராகக் குடிக்க ஏற்றதாகிவிடாது. நெடுநாள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் பெரும்பாலும் வலியில்லாமலே பழுதாகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்காதவருக்கு அது தெரியாது.

குவளையைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியிலும் ஓ.பி. சீட்டிலும், குடிக்கிற கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் ஒரு வரி வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர் மருத்துவர். திட்டாமல் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து கூடப்போகிற பிள்ளைகள், மாத்திரை அட்டையோடு அந்தப் பொடிப் பொட்டலத்தையும் பைக்குள் போட்டு எடுத்துச் செல்லட்டும்.