சீருடைக்குள் ஒரு வாள்

ஜப்பானிய ராணுவ வாளை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர் அலகைத்தான் பார்ப்பார். மினுக்கம், வளைவு, கூர் என்று கண் அங்கேயே சுற்றும். சுற்றட்டும். ஆனால் அந்த வாளின் ஜாதகம் இருப்பது கைப்பிடிக்குள். பிடியின் குறுக்கே சிறிய மூங்கில் ஆணி ஒன்று ஓடும், மெகுகி என்பார்கள். அதைத் தட்டி எடுத்துப் பிடியை உருவினால் நககோ என்கிற அடிவால், கறுத்துத் துருவேறி வெளியே வரும். வாளடித்தவர் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். மறுபக்கத்தில் சில வாள்களில் தேதியும் இருக்கும். ஜப்பானியரின் ஷோவா ஆண்டுக்கணக்கில் 17 என்றிருந்தால் 1925-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 1942, சிங்கப்பூர் விழுந்த வருடம்.

இந்த வாள்கள் ஜப்பானை விட்டு இத்தனை தூரம் சிதறியதில் ஒருவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. 1945-ல் ஜப்பான் பணிந்தபோது, வாளை ஒப்படைக்கும் பழைய சடங்கெல்லாம் வேண்டாம் என்பது நேச நாடுகளின் தலைமைத் தளபதி மெக்கார்தரின் எண்ணம். பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் 14-ஆம் படையின் தளபதி ஸ்லிம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோலாலம்பூரில் 25-ஆவது இந்திய டிவிஷனின் முன் ஜப்பானிய அதிகாரிகள் வரிசையாக நின்று வாள்களைத் தரையில் வைத்தார்கள், புகைப்படம் இருக்கிறது. நவம்பர் 30 அன்று சைகோனில் ஜப்பானியத் தளபதி தெராவுச்சி தன் வாள்களை நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். பர்மாவில் ஜப்பானியப் படையை நடத்திய ஜெனரல் கிமுராவின் வாள் ஸ்லிமின் வீட்டுக் கணப்பு மாடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 14-ஆம் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஆகவே ஜப்பானியரோடு போர் நடந்த இம்பால், கொஹிமா பக்கம் மட்டுமல்ல, நம் ஊர்ப் பழைய ராணுவக் குடும்பத்துப் பெட்டி ஒன்றில் இப்படியொரு வாள் கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வெளித்தோற்றம் சீருடை மாதிரி, அதிகாரிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. 1934 வரை ஜப்பானிய அதிகாரிகள் ஐரோப்பியப் பாணியில் விரல்காப்பு வளைந்த வாளைத்தான் தொங்கவிட்டார்கள். அந்த ஆண்டு பழைய சாமுராய் வடிவத்துக்குத் திரும்பினார்கள். அதுதான் ஷின் குந்தோ: திருக்கைத் தோலின் மேல் நாடா சுற்றிய பிடி, செர்ரிப் பூ பொறித்த பித்தளை அணிகள், உலோக உறை. உறையில் தொங்கல் வளையம் இரண்டானால் 1934 மாதிரி. ஒன்றானால் பெரும்பாலும் 1938 மாதிரி. பிடியில் கட்டிய குஞ்சத்தின் நிறம் பதவியைச் சொல்லும்: பழுப்போடு நீலம் என்றால் கேப்டன் வரையிலானவர், பழுப்போடு சிவப்பு என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. ஆனால் குஞ்சத்தை மாற்றிக் கட்ட ஒரு நிமிடம் போதும். அதை நம்பி விலை பேச வேண்டாம்.

அதிகாரி தன் வாளைச் சொந்தக் காசில் வாங்கவேண்டும். சுவையெல்லாம் இங்கேதான். ஒருவர் சேகி நகரத்துப் பட்டறையில் எண்ணெயில் தோய்த்த புது அலகை வாங்கியிருப்பார். இன்னொருவர் தாத்தாவுக்குத் தாத்தா வைத்திருந்த அலகைக் கொண்டுவந்து அதே உறைக்குள் செருகியிருப்பார். வெளியே இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாசுகுனி ஆலயத்துப் பட்டறையில் 1933 முதல் 1945 வரை பழைய முறையிலேயே அடித்தவை ஏறக்குறைய 8,100. அவற்றில் ஒன்றும் இதே சீருடையில்தான் வரும்.

பிரித்தறியும் இடம் ஹமோன்: கூரை ஒட்டி அலகில் ஓடும் வெண்மையான அலை. வண்டிப்பெரியாறு பக்கம் லாரிப் பட்டையில் கவ்வாத்துக் கத்தி அடிக்கும் ஒரு கொல்லரிடம் அப்படியொரு அலகின் படத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இது தண்ணியில முக்குனதா, எண்ணெயிலயா சார்?” சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். களிமண் பூசித் தண்ணீரில் தோய்த்த அலகை ஒற்றை பல்பின் கீழ் மெல்லச் சாய்த்தால் அலையின் விளிம்பு பனிமூட்டம்போல் கலைந்து, உள்ளே நுண்ணிய மினுக்குகள் தெரியும். எண்ணெயில் தோய்த்ததில் விளிம்பு சீராக, சப்பையாக நிற்கும். அமிலம் தடவி வரைந்த போலியில் எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் வெறும் வெள்ளைக் கறைதான். நககோவில் சிறு நட்சத்திர முத்திரை இருந்தால், ராணுவம் கொடுத்த தமஹகானே என்கிற பாரம்பரிய எஃகில் அடித்தது என்று பொருள், நிதானமாகப் பாருங்கள். சேகி முத்திரை இருந்தால் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

எனக்கோ, ரசிகர்கள் மூக்கைச் சுளிக்கும் 1935-ஆம் ஆண்டு மாதிரிமேல்தான் பிரியம். சார்ஜென்ட்களுக்கு அரசே கொடுத்த ஆலை வாள் அது. கையெழுத்து கிடையாது, அலகில் ஓர் எண், உறையிலும் அதே எண். பிடி வார்ப்பு உலோகம். அதன் மேல் நாடா சுற்றியதுபோல் பெயின்ட். முதலில் செம்பில் வந்த பிடி பிறகு அலுமினியமானது, கடைசியில் குறுக்குக்கோடு வெட்டிய மரக்கட்டையானது. ஒரு நாட்டின் கையில் உலோகம் தீர்ந்துபோன கதையை இவ்வளவு நேராகச் சொல்லும் பொருள் வேறு எனக்குத் தெரியாது. ஜப்பானியச் சட்டம் கலைப்பொருளாகத் தேறும் வாளுக்கே பதிவு தருகிறது. இந்தச் சார்ஜென்ட் வாளுக்குச் சொந்த நாட்டில் இடமில்லை. போலிகளும் இதில் அதிகம். எண்கள் பொருந்துகின்றனவா, பூவேலை மழுங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பீர்மேட்டு மலைப்பக்கத்தில் வாள் வைத்திருப்பவருக்கு எதிரி மழை. ஆனி, ஆடியில் பீரோவுக்குள் தொங்கும் சட்டையிலேயே பூஞ்சை பூக்கும் ஊர் இது. உறையின் மேல் தோல் போர்த்திய வாள் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அலகில் விரல் பட்டால் வியர்வை ரேகையாகத் துருப்பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குப் பூசினால் போதும். எமரித் தாள் ஆகாது. நககோவின் துருவை மட்டும் தொடவே கூடாது. அதன் நிறமும் ஆழமும்தான் வயதுக்குச் சாட்சி. நம் வீடுகளில் அதைத்தான் முதலில் புளி போட்டுத் தேய்ப்பார்கள்.

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாளும் ஆயுதம்தான். உரிமம் வேண்டுமா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். விற்பவர் பிடியைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்றால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.