எண்ணப்பட்டவர் யார்?

குற்றவியல் பாடநூல்கள் கொள்கைகளைக் காலவரிசையில் அடுக்கிக் காட்டும்: 1764இல் பெக்காரியா, 1876இல் லொம்ப்ரோசோ, பிறகு சிகாகோ சிந்தனைப் பள்ளி, மெர்ட்டன், பெக்கர். தேர்வுக்கு அது வசதிதான். ஆனால் குற்றத்தின் காரணம் இன்னது என்று சொன்னவர் யாரைக் கணக்கில் எடுத்தார், யாரோடு ஒப்பிட்டார், யாரை விட்டுவிட்டார் என்பதே அவரது கொள்கைக்கு முதல் உரைகல். பெக்காரியாவை மட்டும் இதில் உரசுவது நியாயமில்லை. அவர் யாரையும் எண்ணவில்லை. லாப நட்டம் பார்த்தே மனிதன் நடக்கிறான் என்று வைத்துக்கொண்டு, கொடிய தண்டனை முறையைத் திருத்தவே எழுதினார்.

லொம்ப்ரோசோ எண்ணினார். வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டில், பின்புற அடிப்பகுதியில் ஒரு பள்ளத்தைக் கண்டு, குற்றவாளி என்பவன் பிறவியிலேயே பின்தங்கிய மனிதன் என்றார். ஆனால் அத்தகைய உடற்கூறுகள் சிறைக்கு வெளியே இருப்பவர்களிடம் எவ்வளவு உண்டு என்பதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, கல்லூரி மாணவர், படைவீரர் முதலானோருடன் ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடல்வகையே இல்லை என்று 1913இல் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அவரே பரம்பரை அறிவுக்குறைவுதான் காரணம் என்று முடித்தார். பிடிபடாதவர்கள் அவர் அளவுகோலுக்கும் அகப்படவில்லை.

பரம்பரைக் கொள்கைக்கு மிகக் கொடிய வடிவம் தந்தது ஆய்வுக்கூடம் அல்ல, அரசு. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871லேயே வந்துவிட்டது. லொம்ப்ரோசோவின் நூலுக்கு அது காத்திருக்கவில்லை. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலாகி, மக்கள் வாயில் ரேகைச் சட்டம் ஆயிற்று. பதிவு செய்யப்பட்டவர் கைரேகை கொடுக்க வேண்டும், சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும், அனுமதியின்றி எல்லை தாண்டக் கூடாது. தவறினால் அதுவே குற்றம், அதற்குத் தண்டனை, அந்தத் தண்டனை, அந்தச் சாதியார் குற்றவாளிகளே என்பதற்கு மேலும் ஒரு சான்று. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. முத்திரை குத்துவதே குற்றவாளியை உண்டாக்கும் என்று 1963இல் பெக்கர் எழுதியதற்கு, உசிலம்பட்டிப் பக்கத்தில் உதாரணம் முன்பே இருந்தது.

அப்படியானால் காவல்துறைப் பதிவுகளை வைத்து எதையுமே அறிய முடியாதா என்று கேட்கலாம். முடியும், கேள்வியைச் சரியாகப் போட வேண்டும். சிகாகோ சிந்தனைப் பள்ளியின் ஆய்வாளர்கள் ஷாவும் மெக்கேயும் சிகாகோவின் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்கு வரைபடத்தில் குறித்தார்கள். நகர மையத்தை ஒட்டிய பகுதிகளில் ஜெர்மானியரும் அயர்லாந்துக்காரரும் வெளியேற, போலந்துக்காரரும் இத்தாலியரும் குடியேறினார்கள். அங்கே குற்ற விகிதம் மட்டும் இறங்கவில்லை. அது அந்தப் பகுதியின் சீர்குலைவாலா, அங்கே காவல் அதிகம் என்பதாலா என்று வாதாடலாம். எப்படியானாலும் இரத்தத்தின் மேல் பழிபோட முடியாது.

அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லேண்ட் உரைகல்லையே மாற்றிப் போட்டார். 1949இல் வெளிவந்த நூலில் 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருப்பதைக் காட்டினார். பதிப்பகம் அஞ்சி நிறுவனப் பெயர்களை நீக்கச் செய்தது. 1983இல்தான் முழுநூல் வந்தது. இவை நிர்வாகத் தவறுகள், குற்றமல்ல என்று சட்ட அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 158 தீர்ப்புகள் குற்றவியல் நீதிமன்றங்களே தந்தவை. வறுமையும் சிதைந்த குடும்பமும்தான் காரணம் என்ற விளக்கம் இந்த நிறுவனங்களின் இயக்குநர்களிடம் செல்லாது. சமூகக் காரணம் பேசினால் குற்றவாளிக்குச் சலுகை ஆகிவிடும் என்ற அச்சமும் பொருந்தாது. ஒருவர் பொறுப்பை நீதிமன்றம் தனியாக அளக்கிறது. கொள்கை விளக்குவது விகிதங்களை.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2022 சிறைப் புள்ளிவிவரத்தில் கைதிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். வினாத்தாளோடு சிறைக்குப் போகும் ஆய்வு மாணவருக்கு, உள்ளே ஏழைகளே நிறைந்திருப்பது தெரியும். அது குற்றத்துக்கான காரணமா, ஜாமீன்தாரர் கிடைக்காததன் விளைவா என்பதை அந்த வினாத்தாள் பிரித்துச் சொல்லாது. பிணையில் வெளியே இருப்பவர்களையும் அவர் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.