தராசை மீறிய வரிசை

தனிம வரிசை அட்டவணை என்றால் மெண்டலீவ் என்று சொல்லி நிறுத்திவிடுவது நம் வழக்கம். அவருக்கு முன்பே தனிமங்களை அடுக்கிப் பார்த்த பள்ளிகள் உண்டு.

மூத்தது மும்மைப் பள்ளி. யேனா நகரப் பேராசிரியர் டாபர்னீர் 1829இல், ஒத்த குணமுள்ளவற்றை மூன்று மூன்றாகக் கட்டினார். லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. ஓரத்து இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுவிலிருப்பதன் அணு எடை வந்துவிடும். அழகான கணக்குதான், பெரும்பாலான தனிமங்கள் அதற்குள் அடங்கவில்லை.

பிறகு எண்மப் பள்ளி. ஏழு சுரம் முடிந்து மேல் சட்ஜம் வருவதுபோல, எட்டாவது தனிமத்தில் முதலாவதன் குணம் திரும்புகிறது என்றார் லண்டன்காரர் நியூலாந்து. கால்சியம் வரை சுருதி சேர்ந்தது, அப்புறம் விலகியது. 1866இல் வேதியியல் கழகத்தில் அவர் இதை வாசித்தபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார். 1887இல் ராயல் கழகம் நியூலாந்துக்கே டேவி பதக்கம் கொடுத்தது. கேலி செய்தவரின் பெயரை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

மெண்டலீவ் 1869இல் 63 தனிமங்களை அடுக்கினார். காலி இடம் விட்டதும், அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்தில் 1875இல் காலியம் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது டெலூரியம், அயோடின் விவகாரம். எடைப்படி அயோடின்தான் முன்னால் வரவேண்டும். ஆனால் பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் குளோரைடு தயிர்போல வெண்மையாய்த் திரளும், புரோமைடு வெளிர்மஞ்சளாய், அயோடைடு மஞ்சளாய் வீழ்படியும். சோடியத்தோடு சேர்ந்தால் மூன்றும் உப்புதான். வினையில் ஒரே குடும்பம். ஆகவே மெண்டலீவ் அந்தக் குடும்பத்தோடு சேரும்படி அயோடினைப் பின்னால் தள்ளி, டெலூரியத்தின் எடைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். எடையை அளந்ததில்தான் பிழை என்பது அவர் எண்ணம். அந்தக் காரணம் தவறு. கொடுத்த இடம் சரி.

ஏன் சரி என்பது 1913இல்தான் விளங்கியது. வரிசைக்கு அடிப்படை எடையல்ல, அணுக்கருவின் மின்சுமை என்று எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார் மோஸ்லி. இரண்டே ஆண்டில், 27 வயதில், கலிப்போலிப் போரில் மாண்டுபோனார். அவர் வகுத்த அணு எண்தான் இன்றும் அளவுகோல். வினைக்கான காரணமோ வெளிக்கூட்டு எலக்ட்ரான்களில் இருக்கிறது: சோடியத்துக்கு அங்கே ஒன்று, குளோரினுக்கு ஏழு. ஒன்று கொடுக்க, மற்றது வாங்க, உப்பு பிறக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களே, வகுப்பறை அட்டவணையில் 52, 53ஆம் கட்டங்களைப் பாருங்கள். டெலூரியம் 127.6, அயோடின் 126.9. அடுத்து 18, 19ஆம் கட்டங்களிலுள்ள ஆர்கானையும் பொட்டாசியத்தையும் பாருங்கள்; அங்கேயும் எடை தலைகீழ்தான்.