ஹெட்டின் சாய்வு

ஒலிநாடா மறுபடியும் மோஸ்தராகிவிட்டது. எடைக்குப் போட்ட கேசட் டெக்குகளையும் ஸ்பூல் மிஷின்களையும் இன்று தேடி வாங்கி, பெல்ட் மாற்றி, துடைத்து அலமாரியில் வைக்கிறார்கள். இந்த ஆர்வலர்கள் வாயில் ஒரே சொல்: வெதுவெதுப்பு. டிஜிட்டல் ஒலி சில்லிட்டிருக்கிறதாம், நாடாவின் ஒலி வெதுவெதுப்பாக இருக்கிறதாம். இதை ஒரு ரசனைச் சொல்லாக ஏற்க எனக்குத் தயக்கம். நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையில் பூசிய இரும்பு ஆக்ஸைடு. பச்சையாகச் சொன்னால் துரு. உரத்த ஒலி வரும்போது அந்தத் தூளால் அதற்குமேல் காந்தம் ஏற்க முடியாமல் அலையின் முனை மழுங்குகிறது, கீச்சொலி தேய்கிறது. மழுங்கலுக்குத்தான் இந்தச் செல்லப்பெயர். குறையை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் யாருடைய குரலின் மேல் விழுந்த குறை என்று கேட்காத ரசனை வெறும் மரச்சாமான் ரசனை.

எதிர்க்கட்சிக்காரர்கள் காரியவாதிகள். நாடா அழுகும், அதிலிருப்பதை எண்களாக மாற்றிக்கொண்டு தூக்கியெறி என்பார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இல் விடுத்த எச்சரிக்கை 2025ஐக் கெடுவாக வைத்தது. அதற்குள் மாற்றப்படாதவை பெரும்பாலும் போனவையே என்று. அந்த வருஷமும் வந்துவிட்டது. அவர்கள் பயம் நியாயமானதுதான். 1970களின் சில ஸ்பூல் நாடாக்களில் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்து ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தினால்தான் ஒருமுறையாவது ஓடும். நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை வேறு. இருந்தாலும் 'அதிலிருப்பது' என்கிறார்களே, அது இன்னதென்று யார் தீர்மானித்தது?

என்னிடமிருக்கும் 6 கேசட்டுகளை வைத்துப் பேசுகிறேன். எண்பதுகளில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் நடந்த பதினெட்டாம் போர்க் கூத்து. பதிவு செய்தவர் ஊர்க்காரர், விவசாயி. இரவு களரி கட்டினால் விடிந்து வெயில் ஏறும்வரை ஒன்பது மணி நேரம். சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம். ஆக 12 பக்கம். பக்கம் திருப்பிப் போடுகிற நேரத்தில் ஓடிய கூத்து எங்குமில்லை.

அவருடையது மைக்கை உள்ளேயே பதித்த சிறிய மிஷின். அதற்கு ஒரு குணம், சத்தம் கூடினால் தானே அடக்கும், குறைந்தால் தானே தூக்கும். துரியோதனன் வேஷக்காரர் அடித்தொண்டையில் கர்ஜிக்கும்போது மிருதங்கமும் தாளமும் பின்வாங்கிவிடுகின்றன. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒரு குழந்தையின் அழுகை, பீடிக்கு நெருப்புக் கேட்கும் ஒருவர், தவளைகள், எல்லாம் கட்டியக்காரனுக்குச் சமமாக முன்னால் வந்து நிற்கின்றன. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போட்ட மலிவுப் பதிப்புகளில் விருத்தமும் தருவும் வசனமும் இருக்கும். இந்தச் சபை இருக்காது. மிஷினின் அசட்டுத்தனம் ஒரு சபையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இன்னொன்று: சுற்றிக் கிடக்கிற நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலும் லேசாகப் படிகிறது. அமைதியைக் கிழித்துக் குரல் எழுவதற்கு ஓரிரு விநாடி முன்பே அதன் நிழல் கேட்கும், திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷம்போல.

இவையெல்லாம் உபரி. விஷயம் முகவீணையில் இருக்கிறது. நாகஸ்வரத்தின் தம்பி அது. சிறிய குழல், நடிகனின் குரலை உச்சத்தில் விடாமல் தொடர்வது. முறையாகச் சரிசெய்து வைத்த டெக்கில் இந்தக் கேசட்டைப் போட்டால் முகவீணை கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோலக் கேட்கிறது. சகரம் தேய்ந்து, பாட்டு வார்த்தையில்லாமல் உருள்கிறது. நாடா கெட்டுப்போகவில்லை. ஹெட்டில் ஒலியைப் படிக்கிற மயிரிழைப் பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதிவு செய்த மிஷினில் அது சற்றே சாய்ந்திருந்திருக்கிறது. கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. விநாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியில் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே இம்மி சாய்வு போதும், கீச்சொலியைத் தின்றுவிட. ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள திருகை, முகவீணையையே கேட்டுக்கொண்டு, கால் சுற்றுத் திருப்பினேன். முகவீணை வெளியே வந்தது. ஒரு காலத்தில் டீக்கடைக்காரர்கள்கூடச் செய்த காரியம்தான். இப்போது என் டெக் கோணல், கூத்து நேர்.

விமர்சனம் என்று நாம் எழுதிவருவதில் இந்தத் திருகு எங்கே இருக்கிறது? நம் விமர்சகர்களில் பலர் ஹெட்டை ஒரு கோணத்தில் இறுக்கி அரக்கு வைத்துவிட்டவர்கள். பிரெக்ட், பெக்கெட் என்று ஒரு சோதனை நாடாவைக் கொண்டு இறுக்கியது அது. அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கூத்து மந்தம், வடிவப் பிரக்ஞை இல்லை என்று தீர்ப்பெழுதினார்கள். மண்ணின் மணம் என்று உருகியவர்களுக்கோ மந்தமே போதுமானதாயிருந்தது. வெதுவெதுப்பு ரசிகர்களின் மூத்த சகோதரர்கள் அவர்கள். ந. முத்துசாமி இரண்டிலும் சேராதவர். சிறுபத்திரிகைகளில் நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக்காரர்களின் கூத்தில் போய் உட்கார்ந்தார்; 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. பட்டறையின் மேடையேற்றங்களில் உடல் தூக்கலாகிக் குரல் பின்தங்கியது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கண்ணப்பத் தம்பிரானைக் கேட்பதற்காகத் தன் காதைத் தானே திருகிக்கொண்டவர் அவர். எத்தனை பேர் அதைச் செய்தோம்?

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921. குடவோலை என்று புளகாங்கிதம் அடைகிறவர்கள், அதே கல்லில் ஏரி வாரியம் என்று ஒன்றிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வருஷாவருஷம் ஆள் மாற்றி ஏரியைப் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. கல் பதினோரு நூற்றாண்டு தானாக நிற்கும், ஏரி நிற்காது. நாடா ஏரி ஜாதி. பின்ச் ரோலரின் ரப்பர் இறுகும், பெல்ட் உருகித் தாராகும், ஹெட்டில் துரு படியும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காதும் வேண்டும்.

இந்த 6 கேசட்டுகளும் ஒரு நிறுவனத்துக்குப் போய் வந்தவை. 12 கோப்புகளாக மாற்றித் தந்தார்கள். சுத்தமான வேலை, இரைச்சலைக்கூட வடிகட்டியிருந்தார்கள், தவளைகள் போயின. எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் ஓட்டியதால் முகவீணை 12லும் கம்பளிக்குள்தான். இப்படி விட்டுப்போன கீச்சொலியைக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. ஒரிஜினல்கள் இனி எதற்கு என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பதிவு செய்தவர் அன்றிரவு நடுவில் மிஷினை மாற்றியிருக்கிறார். பேட்டரி தீர்ந்து யாரிடமாவது இரவல் வாங்கினாரோ என்னவோ. ஏழாவது பக்கத்திலிருந்து சாய்வு வேறு. திருகை எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்பினால்தான் துரியோதனன் நீருக்குள் ஒளிகிற கட்டத்தில் முகவீணை கேட்கிறது.