பெண்கள் காத்திருக்கட்டும்

ஐரோப்பிய சோஷலிசக் கட்சிகள் மிதவாதத்துக்குத் திரும்பியது ஏன்? ஆடம் பிரெஸெவோர்ஸ்கியும் ஜான் ஸ்பிரேகும் எழுதிய ‘காகிதக் கற்கள்’ (1986) தேர்தல் கணக்கைக் காரணமாகச் சொல்கிறது. தொழிலாளர்கள் வாக்காளர்களில் பெரும்பான்மை இல்லை; வெல்வதற்குப் பிற வர்க்கங்களின் வாக்கும் வேண்டும்; அதனால் வர்க்க அரசியல் நீர்த்துப்போனது. இந்த வாதத்தை ஏற்கலாம். ஆனால் வாக்குரிமையைக் கேட்ட விதத்திலேயே அதற்கு முந்தைய சமரசம் ஒன்று இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள்.

பெல்ஜியத்தில் 1893 பொது வேலைநிறுத்தத்துக்குப் பின் வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு கிடைத்தது. சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு மூன்று வாக்குகள்வரை. ‘ஆளுக்கு ஒரு வாக்கு’ என்று தொழிலாளர் கட்சி போராடியது. பெண்களின் வாக்குரிமையும் அதன் கொள்கையில் இருந்தது. 1902இல் லிபரல்களின் ஆதரவு தேவைப்பட்டபோது அவர்கள் வைத்த நிபந்தனை, பெண்களை விட்டுவிட வேண்டும் என்பது. பெண்கள் பாதிரியாரின் பேச்சைக் கேட்டுக் கத்தோலிக்கக் கட்சிக்கே வாக்களிப்பார்களாம். கட்சி இணங்கியது. அவ்வாண்டு வேலைநிறுத்தமும் தோற்றது.

பக்தியுள்ள ஆண் தொழிலாளர்களும் கத்தோலிக்கக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அதற்காக அவர்களின் வாக்கைத் தள்ளிப்போட யாரும் சொல்லவில்லை. ஆணின் பக்தியைப் பிரசாரத்தால் மாற்றலாம் என்று நம்பிய கட்சி, பெண்ணின் பக்தியை அவளுடைய இயல்பாகவே பார்த்தது. இங்கே கணக்கு கருத்தியலாகிவிட்டது. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு ஆண் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது.

ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1871 முதலே ஆண்களுக்குப் பொது வாக்குரிமை இருந்தது. லிபரல்களிடம் அதற்காகப் பேரம் பேசும் அவசியம் இல்லை. பாலின வேறுபாடற்ற வாக்குரிமையை 1891 எர்ஃபுர்ட் திட்டத்தில் எழுதிவைக்க அக்கட்சியால் முடிந்தது. ஆஸ்திரியத் தோழர்களோ ஆண்களின் வாக்குக்கான போராட்டத்தில் பெண்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். 1907 ஸ்டுட்கார்ட் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் இதைக் கண்டித்தார். பெண் வாக்குரிமைக்குப் போராடுவது சோஷலிசக் கட்சிகளின் கடமை என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது.

பெல்ஜியத்தில் 1919இல் ஆண்கள் ஆளுக்கொரு வாக்கைப் பெற்றார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அனுமதிக்கப்பட்ட பெண்கள் மிகச் சிலர்: போரில் கணவரை இழந்து மறுமணம் செய்யாதவர்கள், மகனை இழந்த சில தாய்மார்கள், எதிரியின் சிறையில் இருந்தவர்கள். பெரும்பாலும் இறந்துபோன ஆணின் வாக்கைத்தான் அவர்கள் போட்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் அந்த உரிமை வர 1948 ஆனது.

சோஷலிசக் கட்சிகள் கொள்கையை எப்போது கைவிட்டன என்று தேடுபவர்கள் பெரும்பாலும் ஆட்சிக்கு வந்த ஆண்டுகளைப் பார்க்கிறார்கள். 1902இலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.