தபால் உண்டா?

நம் கதைகளில் தபால்காரர் செய்திருக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆசிரியருக்குக் கதை நகரவில்லை என்றால் வாசலில் ‘தபால்!’ என்று ஒரு குரல் கேட்கும். உடனே நிச்சயமான கல்யாணம் நின்றுபோகும். அல்லது ஓடிப்போன அண்ணன் பர்மாவிலிருந்து பணம் அனுப்புவான். இப்போது அந்தக் காக்கிச் சட்டைக்காரரின் உத்தியோகத்தைக் கைப்பேசி பார்க்கிறது. பைக்குள் ‘டிங்’ என்று ஒரு சப்தம். கதாநாயகன் முகம் வெளுத்துவிடுகிறது. காலம் மாறியிருக்கிறது, சோம்பல் மாறவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. கதைக்கு வேண்டியது தபால் வருவதல்ல. தபால் உண்டா என்று ஒருவன் போய்க் கேட்பது. வீடு தேடி வருகிற கடிதம் சம்பவத்தைக் கொண்டுவருகிறது. தபால் ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்கிறவனிடம்தான் மனசு இருக்கிறது.

சிறுவாச்சூரில் எனக்கு ஒரு இஞ்சினீயர் நண்பர். 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் இண்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதல்லவா, அந்த நாளில் மாணவர்களுக்குச் சலுகையில் கிடைத்தது எழுத்து மட்டுமே தெரிகிற கணக்கு. படம், வர்ணம் ஒன்றும் கிடையாது. அதில் பழகிய கை. இன்றைக்கும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் தபால் பார்க்கிறார். ‘மெயில்’ என்று அடிக்கிறார். இருந்தால் பட்டியல் வரும். இல்லாவிட்டால் இன்னாருக்குத் தபால் இல்லை என்று, பெயரைச் சொல்லி ஒரே வரி. கூடவே ‘இ’ என்ற எழுத்தைச் சேர்த்து அடித்தால் அந்த வரியும் வராது. உண்டென்றால் பூஜ்யம், இல்லையென்றால் வேறோர் எண். அதுவும் திரைக்கு வராமல் உள்ளுக்குள் நிற்கும், நாமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தபால் ஆபீஸ் ஜன்னலிலும் இத்தனை சுருக்கமான பதிலை நான் கேட்டதில்லை.

இன்னொரு ஏற்பாடும் காட்டினார். ‘பாஷ்’ என்ற அந்தக் கட்டளைச் செயலி, நிமிஷத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் தபால் பெட்டியைப் பார்க்கும். ஆனால் கைவேலை முடிந்து, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் இடைவெளியில்தான் ‘புதுத் தபால் வந்திருக்கிறது’ என்று வாய் திறக்கும். நடுவில் குறுக்கிடாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட இந்த நாகரிகம் எப்போதும் இருந்ததில்லை.

1980இல் பெர்க்லி சர்வகலாசாலையில் எழுதப்பட்ட ‘பிஃப்’ என்ற நிரல் வேறு ஜாதி. தபால் வந்ததும் சத்தமிட்டுச் சொல்லிவிடும். அதற்குப் பெயர் கொடுத்தது அங்கே உலவிய ஒரு நிஜ நாய். தபால்காரரைக் கண்டால் குரைக்குமாம், அதனால்தான் இந்தப் பெயராம் என்று ஒரு கதை உலகமெல்லாம் பரவிற்று. நாயை வளர்த்தவரோ அது கட்டுக்கதை என்று மறுத்துவிட்டார். நாய் என்றதும் தமிழ் வாசகருக்கு சுஜாதாவின் ஜீனோ ஞாபகத்துக்கு வரும். ‘என் இனிய இயந்திரா’வில் அது கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது, பிஃப் குரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜீனோ எனக்குப் பிரியமானதுதான். ஆனால் காத்திருப்பைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு இந்த இரண்டுமே உதவாது.

எங்கள் ஊர் மதுரகாளியம்மன் கோயில், விசேஷ நாட்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும். மற்ற தினங்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். விவரம் தெரியாமல் புதன்கிழமையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாத்திய கதவின் முன்னால் தேங்காய்ப் பையோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களில் இருக்கிற கதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கிடைக்காது.

இதைத் தெரிந்து எழுதியவர் கு. ப. ராஜகோபாலன். ‘விடியுமா?’வில் தந்தி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது, இரண்டே வார்த்தை. சாதாரணக் கதாசிரியன் அத்தோடு அழுகையைத் தொடங்கியிருப்பான். கு. ப. ரா. அக்காளையும் தம்பியையும் இரவு ரயிலில் ஏற்றி, சென்னை வரைக்கும் ‘இருக்கிறாரா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியோடு உட்கார வைக்கிறார். ஆஸ்பத்திரியில் அவருடைய உயிர் இரவே போய்விட்டது. இவர்களுக்கு மட்டும் அது தெரியாது. செய்தி பெட்டியில் கிடக்கிறது, கேட்கப் போகிறவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள். அந்தத் தூரந்தான் கதை.

2013 ஜூலையோடு தந்தியே நின்றுவிட்டதே, இனி அப்படி எப்படி எழுதுவது என்று இளம் எழுத்தாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய கதையில் துபாயிலிருக்கும் கணவனின் செய்தி முதல் பாராவில் ‘டிங்’கென்று வந்து, இரண்டாம் பாராவில் மனைவி மயங்கி விழுகிறாள். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவளாக எழுந்து போய் எடுக்கும் வரைக்கும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.