30 டிகிரிக்குக் கீழே காட்டினால் நம்பாதீர்கள்: எல்எம்-சென்சார்ஸ் பயன்பாட்டு விமர்சனம்

சிங்கப்பூர் தோ பாயோவில் குளிர்சாதனம் போடாத அறையில் ஓடும் கம்ப்யூட்டருக்குள் எந்தப் பாகமும் 22 டிகிரியில் இருக்க முடியாது. ஃபேன் காற்றால் குளிரும் பெட்டி, தான் இருக்கும் அறையைவிடக் குளிர வழியே இல்லை. இங்குள்ள வீவக வீடுகளில் விடியற்காலையில்கூட அறை 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பக்கத்து ஆங் மோ கியோவில் 2023 மே 13 அன்று 37 டிகிரி பதிவானது; 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். இப்படிப்பட்ட ஊரில் திரையில் "சிபியு 22" என்று தெரிந்தால், அளவு வரும் வழியில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். மதர்போர்டு சென்சார்களைச் சரிபார்க்க என்னிடம் இருக்கும் முதல் கருவி, சுவரில் தொங்கும் அறை வெப்பமானிதான்.

இரண்டாவது கருவி எல்எம்-சென்சார்ஸ். லினக்ஸில் கம்ப்யூட்டரின் வெப்பம், மின்னழுத்தம், ஃபேன் வேகம் மூன்றையும் படித்துக் காட்டும் இலவச நிரல் இது. 1990-களின் பிற்பகுதியில் ஃப்ரோடோ லோய்யார்ட், ஃபிலிப் எடல்பிராக் ஆகியோர் தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 சிப்புகளிலிருந்து பெயர் வந்தது. டிரைவர்கள் பின்னர் கெர்னலுக்குள்ளேயே போய்விட்டன. இப்போது வெளியே இருப்பது அவற்றைத் தேடித் தரும் நிரலும் காட்டும் நிரலும் மட்டுமே. ரைசன் பிராசசர் உள்ள என் மேசைக் கம்ப்யூட்டரில், உபுண்டு 24.04-இல் இதைப் பயன்படுத்துகிறேன். திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மதர்போர்டின் ஓரத்தில் நகத்தளவில் ஒரு சதுரச் சிப் இருக்கும். சூப்பர் ஐஓ என்பார்கள். பழைய கீபோர்டு, சீரியல் போர்ட் வேலைகளோடு வெப்பம், ஃபேன், மின்னழுத்தம் அளப்பதும் அதன் பொறுப்பு. பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களில் இது தைவானின் நூவோட்டான் அல்லது ஐடிஇ தயாரிப்பாக இருக்கும். நூவோட்டான், 2008-இல் வின்பாண்டிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம். பழைய போர்டுகளில் வின்பாண்ட் என்றே அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். நூவோட்டானுக்கு என்சிடி6775 டிரைவர், ஐடிஇ-க்கு ஐடி87 டிரைவர். பிராசசருக்குள் இருக்கும் சென்சார் தனி: ஏஎம்டிக்கு கே10டெம்ப், இன்டெலுக்கு கோர்டெம்ப். எஸ்எஸ்டிக்கும் வட்டுக்கும் தனி டிரைவர்கள் 2020 வாக்கில் கெர்னலுக்குள் வந்தன. அவை தொல்லை தருவதில்லை.

நிறுவியதும் ஓட்ட வேண்டியது சென்சார்ஸ்-டிடெக்ட். வரிசையாகக் கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் காட்டும் விடைதான் அது பரிந்துரைக்கும் விடை. வெறும் என்டர் தட்டிக்கொண்டே போனால் போதும். கடைசியில், போர்டின் சிறு சிப்புகளை இணைக்கும் எஸ்எம்பஸ் பாதையைப் பற்றி வரும் கேள்விகளில் அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லாதீர்கள். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2000-த்தை ஒட்டி வந்த சில திங்க்பேட் மடிக்கணினிகளில் இப்படித் துழாவியபோது உள்ளே இருந்த சிறு நினைவகச் சிப்பே கெட்டு, கணினி எழுந்திருக்காமல் போனது. இன்றைய நிரல் அதைக் கவனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் தேடுவது என்றாலே சில இடங்களில் எழுதிப் பார்ப்பதுதான்.

என் கம்ப்யூட்டரில் சிப்பைக் கண்டுபிடித்துவிட்டது. டிரைவர்தான் ஏற மறுத்தது. கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தால் ஏசிபிஐ மோதல் என்று எச்சரிக்கை. இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் இணையத்தில் தேடி, "ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்" என்ற அமைப்பை "லாக்ஸ்" என்று மாற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. மாற்றியதும் எண்கள் வந்துவிடும். ஆனால் கெர்னல் ஏன் தடுத்தது என்று புரியாமல் அதைச் செய்யக் கூடாது.

பயாஸ் தயாரித்தவர், "இந்தப் போர்ட் முகவரியை என் நிரலும் பயன்படுத்தும்" என்று ஏசிபிஐ அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார். நூவோட்டான் சிப்பில் பதிவேடுகள் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதலில் எந்தப் பகுதி என்று குறித்துவிட்டு, அடுத்த கட்டளையில் படிக்கவோ எழுதவோ வேண்டும். ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு குமாஸ்தாக்கள் புரட்டுவதைப் போன்ற நிலைமை: ஒருவர் 4-ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பேனா எடுப்பதற்குள் இன்னொருவர் 2-ஆம் பக்கத்துக்குப் புரட்டிவிட்டால், முதலாமவர் எழுதுவது தவறான பக்கத்தில் விழும். படிப்பது மட்டும் என்றால் எப்போதாவது ஒரு தப்பான எண் வரும். ஃபேன் வேகத்தை எழுதும்போது இது நடந்தால், ஃபேன் நின்றுவிடவும் கூடும். அதனால்தான் கெர்னல் கதவை மூடி வைக்கிறது; அது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

சரியான வரிசை இது: முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், அடுத்து புதிய கெர்னலைப் போட்டுப் பாருங்கள். 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில், பட்டியலில் உள்ள ஆசுஸ் போர்டுகளுக்கு பயாஸ் வழியாகவே சிப்பைப் படிக்கும் வசதி சேர்ந்தது. அந்த வழியில் மோதலே இல்லை. ஐடிஇ சிப் என்றால், முழுக் கம்ப்யூட்டருக்கும் காவலைத் தளர்த்தாமல், ஐடி87 டிரைவருக்கு மட்டும் மோதலைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் தனி அமைப்பு இருக்கிறது. இவை எதுவும் பலிக்காவிட்டால் மட்டுமே "லாக்ஸ்". என் போர்டுக்கு இந்தக் கடைசி வழிதான் மிச்சம். படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஃபேன் கட்டுப்பாட்டை பயாஸிடமே விட்டுவிட்டேன்.

டிரைவர் ஏறியபின் வரும் திரைதான் புதியவர்களைக் கலங்க வைக்கும். அடுத்த புளோக்கில் இருக்கும் தம்பி ஒருவர் இரவில் அழைத்தார்.

"அண்ணே, 127 டிகிரின்னு காட்டுது. சுவிட்ச ஆஃப் பண்ணிடவா?"

"பேரு என்ன போட்டிருக்கு, பாருங்க."

"ஆக்ஸ்டின்னு போட்டிருக்கு. பக்கத்துல இன்னொன்னு மைனஸ் 60."

"ரெண்டும் எதிலயும் கனெக்ட் ஆகாத பின்னுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் லோடு கொடுத்துப் பாருங்க, அசையுதான்னு."

அசையவில்லை. சிப்பில் ஏழெட்டு வெப்ப உள்ளீடுகள் இருக்கும். போர்டு தயாரிப்பாளர் அதில் இரண்டு மூன்றைத்தான் இணைத்திருப்பார். மிச்சம் எல்லாம் காற்றில் தொங்கும் பின்கள். சிப் அவற்றையும் கடமையாக அளந்து சொல்லும். டிரைவரும் மறைக்காமல் காட்டும். அருகில் "அலாரம்" என்று வருவதும் அப்படித்தான். எல்லை எண்கள் பூஜ்யமாகவே இருப்பதால் எந்த அளவும் எல்லை மீறியதாகக் கணக்காகிறது. அது போர்டு தரும் எச்சரிக்கை இல்லை.

எந்த உள்ளீடு உண்மையானது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. இரவு முழுவதும் அணைத்து வைத்த கம்ப்யூட்டரைக் காலையில் போட்டவுடனே பாருங்கள். இணைப்பில் உள்ள போர்டு சென்சார்கள் எல்லாம் அறை வெப்பத்தை ஒட்டி, இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். என் வீட்டு வெப்பமானி 30 காட்டிய காலையில் போர்டு சென்சார் 31, எஸ்எஸ்டி 33. பிறகு ஸ்ட்ரெஸ்-என்ஜி கொண்டு பிராசசருக்கு முழு வேலை கொடுத்தால், பிராசசர் எண் சில நொடிகளில் தாவும். போர்டு எண் மெதுவாக ஏறும். அசையாமல் நிற்பது இணைப்பில்லாதது. அதைச் சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் "இக்னோர்" என்று ஒரு வரி எழுதி மறைத்துவிடலாம். ஆண்டு முழுவதும் அறை வெப்பம் பெரிதாக மாறாத நம் ஊரில் இந்தச் சோதனை எந்த மாதம் செய்தாலும் ஒரே விடை தரும்.

பிராசசர் எண்ணுக்கும் ஓர் எச்சரிக்கை. இன்டெல் பிராசசர் தன் வெப்பத்தை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்றுதான் சொல்லும். டிரைவர் கழித்துப் பார்த்துக் காட்டுகிறது. உச்சத்துக்கு அருகில் அது துல்லியம். சும்மா இருக்கும்போது அவ்வளவு நம்பகமில்லை. 22 டிகிரி மாதிரி எண்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. ஏஎம்டி 2017-இல் கொண்டுவந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. வெவ்வேறு மாடல்களுக்கும் ஃபேன் ஒரே மாதிரி ஓடட்டும் என்று நிறுவனமே விளக்கியது. செகண்ட்ஹேண்டில் அந்த மாடல்களை வாங்குகிறவர்கள் கூலரை மாற்றுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மின்னழுத்தம். என்சிடி6775 குடும்பச் சிப் சுமார் 2 வோல்ட் வரைதான் அளக்கும், 8 மில்லிவோல்ட் படிகளில். அதனால் 12 வோல்ட் வரியை இரண்டு ரெசிஸ்டர்களால் குறைத்துத்தான் சிப்புக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு குறைத்தார்கள் என்பது போர்டு வடிவமைத்தவருக்குத்தான் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. ஆகவே திரையில் "இன்1: 1.01" என்று ஒரு மொட்டை எண் நிற்கும். பயாஸ் திரையில் 12 வோல்ட் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன். விடை 12. அமைப்புக் கோப்பில் "கம்ப்யூட்" வரியில் 12-ஆல் பெருக்கச் சொன்னதும் 12.096 என்று வந்தது. சற்று நேரத்தில் 12.000. மறுபடியும் 12.096. பவர் சப்ளை தள்ளாடுகிறதோ என்று தோன்றும். 8 மில்லிவோல்ட் படியை 12-ஆல் பெருக்கினால் 96 மில்லிவோல்ட். சிப்பால் இதைவிட நுணுக்கமாக அளக்கவே முடியாது. ஜாலான் புசார் முனையில் உள்ள சிம் லிம் டவரில் வாங்கிய மல்டிமீட்டரின் முனைகளை பவர் சப்ளையின் மஞ்சள், கறுப்பு ஒயர்களில் வைத்துப் பார்த்தேன்: 12.07, அசையாமல். அனுமதிக்கப்பட்ட வரம்பு 11.4 முதல் 12.6 வரை. பவர் சப்ளையில் குறையே இல்லை.

ஃபேன் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான ஃபேன்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். சிப் வேறு எண்ணிக்கையை எதிர்பார்த்தால் வேகம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரியும். சத்தமே போடாத 120 மில்லிமீட்டர் ஃபேன் 2,600 சுற்று என்று காட்டினால் இந்தத் துடிப்பு எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஐடிஇ புதிய சிப் உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் கூடுதல். அந்தச் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்கள் பொதுவில் கிடைப்பதில்லை. கெர்னலில் உள்ள ஐடி87 பல சிப்புகளை அடையாளம் காணாது. கெர்னலுக்கு வெளியே தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஐடி87 பதிப்பைத் தொகுத்துப் போட வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் அந்த டிரைவருக்கு நீங்களே கையொப்பமிட்டு, கையொப்பச் சாவியைப் பதிவும் செய்ய வேண்டும். சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. போர்டு விற்கும் நிறுவனங்கள் ஆவணத்தைத் திறந்து கொடுத்தாலே இந்த உழைப்பில் பாதி மிச்சமாகும்.

விண்டோஸில் இது எளிது என்று சொல்வார்கள். லேபிள்கள் விஷயத்தில் உண்மைதான். எச்டபிள்யூஇன்ஃபோ பல போர்டுகளுக்குச் சரியான பெயரும் பெருக்கலும் தயாராக வைத்திருக்கிறது. ஆனால் அங்குள்ள இலவச நிரல்கள் பல ஆண்டுகளாக வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை நம்பியிருந்தன. எந்தச் சாதாரண நிரலும் அதன் வழியாக கெர்னலின் உள்ளே கை வைக்கலாம் என்ற ஓட்டை 2020-இலேயே பதிவானது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதை ஆபத்து என்று பிடிக்கத் தொடங்கியது. ஃபேன் கன்ட்ரோல், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் போன்றவை சிக்கின. அவை பானியோ என்ற புதிய டிரைவர் பக்கம் நகர்ந்தன. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டிஃபெண்டரில் விதிவிலக்கு போட வேண்டாம்; புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

எல்எம்-சென்சார்ஸுக்கு அழகான திரை இல்லை, லேபிள்கள் இல்லை, பெருக்கலை நீங்களே செய்ய வேண்டும். முதல் மாலையில் எரிச்சல் வரும். இருந்தும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் சிப் சொன்னதைச் சொன்னபடியே காட்டுகிறது. ஊகத்தை உண்மை மாதிரி பூசித் தருவதில்லை. வரைபடம் வேண்டுமென்றால் மேலே கூலர்கன்ட்ரோலைப் போட்டுக்கொள்ளலாம். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடக்கும் இந்த நாட்டில், "சூடாகுது" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போர்டைத் தொட்டியில் போடும் முன், அந்தச் சூடு சென்சாருடையதா டிரைவருடையதா என்று பாருங்கள்.

அமைப்பு முடிந்ததும் கவனிக்க ஒன்று மிச்சம். கெர்னல் ஒவ்வொரு சென்சாருக்கும் எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என்று எண் கொடுக்கும்; அந்த வரிசை அடுத்த முறை போடும்போது மாறலாம். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் எண்ணைக் கொண்டு தேடாதீர்கள். அந்தக் கோப்புறைக்குள் "நேம்" என்ற கோப்பில் சிப்பின் பெயர் இருக்கும், அதைப் படித்துத் தேடுங்கள். கெர்னல் புதுப்பித்த மறுநாள் காலை, கம்ப்யூட்டர் சூடேறும் முன் அறை வெப்பமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.